வெள்ளை நூல் மினுங்கிய வீடு

மகள், உனக்கு உம்மாவின் ஸலாம். ரயில் ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் இந்தக் கடிதத்தை உன் கையில் தர வேண்டும் என்று வாப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முன்னமே தந்தால் நீ தலையைக் குனிந்து இதையே வாசித்துக்கொண்டிருப்பாய், பாலத்தையும் தண்ணீரையும் பார்க்காமல் விட்டுவிடுவாய். இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. மட்டக்களப்பில் ரயிலைப் பிடிக்க உன்னைப் பஸ்ஸில் ஏற்றும்போதுகூட நான் "சாப்பாட்டுப் பொதி பத்திரம்" என்றுதான் சொல்லியிருப்பேன். மனதில் இருந்தது இந்தத் தாள்களில் இருக்கிறது.

நீ தெரிவான செய்தி வந்த அன்று வாப்பா என்ன செய்தார் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. நடுப்பகலில் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு, பூட்டிய கடைக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் "இண்டைக்குக் கடை பூட்டு" என்றார். யாராவது "ஏன் காக்கா?" என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்தது. மாலைக்குள் கல்முனைக் கடைத்தெரு முழுவதற்கும் தெரியும், அவருடைய மகள் கொழும்பில் தாதியர் கல்லூரிக்குப் போகிறாள் என்று. "ஆம்புள வார்ட்டுலயும் நிக்கணுமாமே" என்று ஒருவர் இழுத்தாராம். "ஓம், ஆம்புளைக்கும் காய்ச்சல் வருமே" என்றாராம் வாப்பா.

நேர்முகப் பரீட்சையில் நீ சொன்ன பதிலையும் வாப்பாதான் எனக்குச் சொன்னார், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். நாடி பார்ப்பேன், காய்ச்சல் பார்ப்பேன் என்று மற்றப் பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். நீ "செருப்பைக் கழற்றுவேன்" என்றாயாம். இருந்தவர்களில் இருவர் சிரித்துவிட்டார்களாம். கண்ணாடி போட்ட அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் "ஏன்?" என்று கேட்டாராம். "கழற்ற நேரம் எடுக்கும் மிஸ். அந்த நேரத்தில் வீட்டைப் பார்த்துவிடலாம்." இதைக் கேட்டபோது நான் அடுப்பெரிந்த குசினிக்குள் போய்விட்டேன். அழப் போனேன் என்று வாப்பா நினைத்தார். நான் சிரிக்கப் போனேன். தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு முப்பத்துநான்கு வயதாகிறது. உன்னோடு தெருவில் நடந்தால் தெரியாதவர்கள் ராத்தாவும் தங்கச்சியும் என்பார்கள். பதினாறு வயதில் உன்னைப் பெற்ற எனக்கு, உனக்குப் புத்தி சொல்லும் அளவுக்கு மூப்பு வந்துவிட்டதாக நினைப்பில்லை. ஆனால் நான், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் மருத்துவமாதுப் பயிற்சிக்கு மட்டக்களப்புக்குப் போனபோது நீ சின்னப் பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் வாப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் காட்டிவிட்டுப் போவார். இப்போது நீ போகிறாய், நான் வாசலில் நிற்கிறேன். ஆகவே என் வேலையில் எனக்குப் பிடிபட்ட சிலவற்றை எழுதுகிறேன். கல்லூரியில் இதைவிட ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். அவர்கள் கட்டில் வரிசைகளுக்கு நடுவே நின்று சொல்வார்கள். நான் நம்முடைய ஊர் வாசற்படிகளில் நின்று சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

செருப்பு விஷயம் இப்படித்தான் தொடங்கியது. முதல் நாட்களில் நான் பையும் குடையுமாக விறுவிறென்று உள்ளே போய், கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்பேன். தலையிடி உண்டா, பசி உண்டா, தூக்கம் உண்டா. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஒண்டுமில்ல மிஸ்ஸி, அல்லாஹ்ட காவல்ல நல்லம்." நம்முடைய பெண்கள் நோய் வருத்தத்தை வாசலில் வைத்துச் சொல்லமாட்டார்கள். வந்தவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புவதுதான் அவர்களுக்கு மரியாதை. ஒருநாள் செருப்பு வார் சிக்கிக்கொண்டது. குனிந்து இழுத்துக்கொண்டிருந்தபோது கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்திலேயே ஆட்டுக் கொட்டில் இருப்பதைக் கண்டேன். வாளி தரையில் கிடந்தது. ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகக் குந்தியிருந்தது. கேள்விகளே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என் செருப்பு லேசில் கழலாது. ஒரு ஆளைப் பார்க்கப் போகிறவள் அந்த ஆள் குடிக்கும் தண்ணீரையும், படுக்கும் பாயையும், அடுப்பில் ஏறும் சட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டிலில் கிடப்பவரின் வருத்தத்தில் பாதி அவர் வீட்டிலேயே இருந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு மற்றப் பாதிதான் வரும். இதைக் கொழும்பு வார்டிலும் மறக்காதே.

அடுத்தது, கேட்கும் விதம். சவளக்கடையில் பெரிய நிலக்காரரான ஒரு போடியாரின் வயலில் வேலை செய்த மனிதர், மனைவியின் பிரசவத்துக்கு நான் போயிருந்தபோது முற்றத்தில் குந்தியிருந்தார். உடம்பு எப்படி என்றேன். "நல்லம்" என்றார். வரம்பு கட்டி முடிந்துவிட்டதா என்றேன். "எங்க மிஸ்ஸி, நாலு தரம் மண்வெட்டியத் தூக்கினா மூச்சு இழுக்குது, பக்கத்து வயல்காரன் கட்டி முடிச்சிட்டான்" என்று பெரிய கதையே சொன்னார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், கழுவிய சோற்றைப்போல வெளுத்திருந்தது. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களுக்கு வருகிற, குடலில் இருந்து ரத்தம் உறிஞ்சும் கொழுக்கிப் புழு. மருந்து கொடுத்தார்கள், அடுத்த போகத்துக்கு அவரே வரம்பு கட்டினார். உடம்பைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் மானத்துக்காக நல்லம் என்பார்கள். தொழிலைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். வலைக்காரனிடம் வலையைக் கேள். நெசவுக்காரியிடம் நூலைக் கேள்.

நூல் என்றதும் உனக்கு நெசவு ஊரான மருதமுனை ஞாபகம் வந்திருக்கும். நீ ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், நான் ஒருநாள் காலையில் போய் மறுநாள் மாலையில்தான் திரும்பினேன். வாப்பா ஆக்கிய சோற்றை நீ தின்றுவிட்டு "உம்மா, இனி எங்கயும் தங்க வேணாம்" என்று அழுதாய். ஏன் தங்கினேன் என்று அன்று சொல்லவில்லை, நீ சின்னவள். இப்போது சொல்கிறேன்.

கதீஜா உம்மாவின் வீடு அது. தாயும் இரண்டு பெண் மக்களும் குழித்தறியில் நெய்கிறவர்கள். மூத்தவள் சுலைஹாவுக்குத் தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். அவளுடைய மாப்பிள்ளை இஸ்மாயிலுக்கு நூல் வாங்குவதும், நெய்ததைக் கொண்டுபோய் விற்பதும் வேலை. நம்முடைய ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் வந்து இருக்கிறவர், ஆகவே அந்த வீட்டில் கதீஜா உம்மாவின் சொல்லுக்கு மேல் சொல் இல்லை. நான் செருப்பைக் கழற்றத் தொடங்கினதுமே அவர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"வாங்க மிஸ்ஸி. கடதாசியில எழுத வந்தீங்களா, தேத்தண்ணி குடிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் மாமி."

"அப்ப முதல்ல தேத்தண்ணி. கடதாசிக்குப் பசிக்காதே."

சுலைஹா தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்திருந்தாள். எழும்பச் சொன்னேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினேன், குழி விழுந்து அப்படியே நின்றது. கதீஜா உம்மா சிரித்தார். "அது தறிக்குழி வீக்கம் மிஸ்ஸி. எங்கட தெருவுல எல்லாப் பொண்டுகளுக்கும் வாறதான். நாள் முழுக்கக் காலத் தொங்கப் போட்டா வீங்காம என்ன செய்யும்? என்ட காலப் பாருங்க." காட்டினார். அதுவும் சற்று வீங்கித்தான் இருந்தது. அவர் சொன்னதில் பிழை இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் பலருக்கு மாலையில் கால் வீங்கும், அதில் ஆபத்துமில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இதே வீக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்திருக்கலாம்.

ஆனால் முகம் சரியில்லை. இமைகள் தடித்து, அழுது எழும்பினவள் முகம்போல இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாதே. பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணு. மூச்சை எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர்களின் மூச்சு உடனே மாறிவிடும். நான் அப்படிப் பிடித்துக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சாக, நெசவு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"இந்தத் தரம் வந்த நூல் சரியில்ல மிஸ்ஸி" என்றாள். "மினுங்குது."

"சரிகையா?"

"சரிகை இல்ல, வெள்ள நூல்தான். பாத்துக்கிட்டிரிக்கக்குள்ள மின்மினி மாதிரி மினுங்குது. இழை எது, இடைவெளி எது எண்டு தெரியுதில்ல. தலையும் இடிக்குது."

வாசலில் நின்ற இஸ்மாயில் கடுப்போடு சொன்னார். "ரெண்டு தரம் நூலக் கொண்டுபோய் மாத்திட்டன் மிஸ்ஸி. கடைக்காரன் என்னக் கண்டா இப்ப ஒளிக்கிறான். எனக்கு ஒண்டும் மினுங்கல்ல. இவளுக்கு மட்டும்தான் மினுங்குது."

"இவவுக்கு நெய்ய அலுப்பு" என்றாள் தங்கச்சி றஹ்மா, நூல் சுற்றிக்கொண்டே. "நாளைக்குத் தறியும் மினுங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், சுலைஹாவும் சிரித்தாள். நான் அந்த நூலில் ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வெறும் வெள்ளை நூல். இழையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "கண்ண மூடு புள்ள."

மூடினாள்.

"இப்ப மினுங்குதா?"

மூடிய கண்ணோடு முகத்தை இருட்டு மூலைப் பக்கம் திருப்பினாள். பிறகு, "ஓம் மிஸ்ஸி" என்றாள். "இப்பயும் மினுங்குது."

றஹ்மாவின் கை ராட்டையிலேயே நின்றுவிட்டது. மூடிய கண்ணுக்குள் எந்தக் கடைக்காரனின் நூலும் வராது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் கதீஜா உம்மா லேசில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. வெயில், பசி, தூக்கம் இல்லை என்று காரணங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவரோடு வாதாடவில்லை. சுலைஹாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருநாளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள். தறியில் கை போய் வரும்போது வளையல்கள் குலுங்க வேண்டும். குலுங்கவில்லை. தோலில் அழுந்தி, கயிறு கட்டியதுபோலக் கிடந்தன.

"மாமி, உங்கட வளையல ஒருக்கா முழங்கை மட்டும் ஏத்துங்க" என்றேன்.

"என்ன விளையாட்டு இது?"

"ஏத்துங்களன்."

ஏற்றினார். வழுக்கிக்கொண்டு போனது. றஹ்மாவும் ஏற்றினாள், போனது. சுலைஹா முயன்றாள். ஒன்றுகூட அசையவில்லை.

"மூண்டு பேரும் ஒரே தறியிலதான் இருந்தீங்க" என்றேன். "கால்தானே மாமி குழிக்குள்ள இருந்தது. கை இருக்கல்லயே."

கதீஜா உம்மா மகளின் கையை வாங்கி வளையலைச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவேயில்லை. குரலைத் தாழ்த்தி, என்னிடம் இல்லாமல் தறியிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "என்ட தங்கச்சிக்கும் நூல் மினுங்கினது."

அவருடைய தங்கச்சியும் அதே வீட்டில், பிள்ளை வயிற்றோடு, நூல் மினுங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள். அன்று பின்னேரமே கை கால் இழுத்திருக்கிறது. தறிக்குழியில் ஜின் இருக்கிறது என்று ஓதிப் பார்த்திருக்கிறார்கள், குழியை மண் போட்டு மூடிப் பக்கத்தில் வேறு குழி வெட்டியிருக்கிறார்கள். அவள் பிள்ளையோடு மௌத்தாகிவிட்டாள். "நாங்க குழியத்தான் மாத்தினோம்" என்றார் கதீஜா உம்மா. "இது ஜின் இல்ல மாமி" என்றேன். "பிள்ளத்தாய்ச்சிக்கு ரத்த அழுத்தம் ஏறி வாற வருத்தம். வலிப்பு வாறதுக்கு முன்ன ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு உசிரையும் காப்பாத்தலாம். வந்த பொறகு எண்டா, என்னால சொல்ல ஏலாது."

இஸ்மாயில் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "அங்க ஆம்புள டாக்குத்தர்தான் இரிக்கிறாராம் மாமி. சனம் என்ன கதைக்கும்..."

"டாக்குத்தர் ஆம்புளயா பொம்புளயா எண்டு சுலைஹா உசிரோட திரும்பி வந்து சொல்லட்டும்" என்றார் கதீஜா உம்மா. "வண்டியக் கட்டுங்க."

திரை கட்டிய மாட்டு வண்டி வரும் நேரத்துக்குள் சுலைஹாவின் சிறுநீரை வாங்கிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தேன். கொதித்ததும் கலங்கியது. வினாகிரியைப்போலப் புளித்து மணக்கும் ஓர் அமிலத்தில் சில துளி விட்டேன். கலங்கல் தெளியவில்லை, திரண்டு நின்றது. சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். எட்டிப் பார்த்த கதீஜா உம்மா "திரைஞ்ச தேங்காப்பால் மாதிரி" என்றார். நான் படித்த புத்தகத்தில் முட்டை வெள்ளைக் கரு என்று போட்டிருந்தது. கதீஜா உம்மா சொன்னதுதான் சரியான உவமை. பிறகு வந்த எல்லா வீடுகளிலும் நான் அதையே சொன்னேன், யாரும் விளங்கவில்லை என்று சொன்னதில்லை. வளையலைப் பார்த்து அந்த வீடு நம்பியது. டாக்டர் நம்புவதற்கு அந்தக் குழாய் வேண்டியிருந்தது. இரண்டும் கையில் இருக்க வேண்டும், மகள். வளையல் மட்டும் போதாது, சில சமயம் உப்புக் கருவாடு தின்றாலும் கை வீங்கும். குழாய் மட்டும் என்றால், அதைக் கொதிக்க வைக்க எந்த வீடும் உன்னை விடாது.

மருதமுனையிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்றும் பெரிய தூரமில்லை. அன்றைக்கு மட்டும் அந்த ரோட்டை யாரோ இழுத்து நீட்டியிருந்தார்கள். மாட்டை ஓட்ட வேண்டாம், குலுக்காமல் நடத்து என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். சுலைஹாவை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, கரண்டியில் துணி சுற்றிக் கையில் வைத்திருந்தேன், வலிப்பு வந்தால் நாக்கைக் கடித்துவிடக் கூடாதென்று. வழியில் அவளுடைய விரல்கள் இரண்டு தரம் துடித்தன. நான் பார்த்தேன், கதீஜா உம்மாவும் பார்த்தார். அவர் முந்தானைக்குள் கையை வைத்து ஏதோ உருட்டிக்கொண்டே வந்தார். ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணி என்று நினைத்தேன்.

வார்டில் தாதி கிரேஸ் மிஸ்ஸி இருந்தார், நம்முடைய மெதடிஸ்ட் கோயில் பக்கத்து ஆள், ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லப் பிடிக்காதவர். "என்ன கொண்டுவந்திருக்கிறீங்க?" என்றார். ஒழுங்காகச் சொன்னேன். அவள் சொன்னது இது. நான் பார்த்தது இது. சோதித்தது இது. எனக்குத் தெரியாதது, அழுத்தம் எவ்வளவு என்று, என்னிடம் கருவி இல்லை. இந்த நான்கையும் ஒன்றோடொன்று கலக்காமல் சொல்லப் பழகிக்கொள். பயத்தில் நாம் பார்த்ததையும் நினைத்ததையும் சேர்த்துப் பிசைந்துவிடுவோம், கேட்கிறவர் எதை நம்புவது என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்குவார். கிரேஸ் மிஸ்ஸி முதலிலிருந்து தொடங்கவில்லை. நான் சொல்லி முடிக்க முன்பே அறையின் ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிட்டார். இந்த வருத்தத்துக்கு வெளிச்சமும் சத்தமும் ஆகாது.

டாக்டர் வந்தார், இளம் வயது. திரைக்கு வெளியே நின்று, "உம்மா, மகளைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். வழி முழுவதும் இந்த மனிதரோடு சண்டை போடத் தயாராக வந்த கதீஜா உம்மா, திரையைத் தானே விலக்கி, "பாருங்க மகன்" என்றார். ஊசி போட்டார்கள். இருட்டறையில் சுலைஹா அசையாமல் கிடந்தாள். நான் கட்டிலருகே நின்று அவள் மூச்சையும் விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தோம், வரவேயில்லை. மறுநாள் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் பிள்ளை பிறந்தது, பெண், உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம், ஆனால் குரல் பாங்கோடு போட்டிக்கு வந்தது. "சின்னன் எண்டாலும் சத்தம் இரிக்கி" என்றார் கதீஜா உம்மா. "எங்கட ஊட்டுப் புள்ளதான்."

சுலைஹா தெளிந்து கண் திறந்ததும், கதீஜா உம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தார். தஸ்பீஹ் இல்லை. தறியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த வெள்ளை நூல், விரலில் சுற்றியிருந்தது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இழையை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மினுங்குதா?"

சுலைஹா பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள். "இல்ல உம்மா. வெறும் வெள்ள."

மகள், நான் நிறையப் புத்தகங்கள் வாசித்திருக்கிறேன், உனக்குத் தெரியும். வாப்பா யார் யாரிடமோ இரவல் வாங்கி வந்து தந்தவை. அந்த நான்கு சொற்களுக்கு ஈடாக ஒரு வரியை நான் எதிலும் வாசித்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய வெற்றி. அடுத்த முறை நான் அந்தத் தெருவுக்குப் போனபோது செருப்பைக் கழற்றவே நேரம் கிடைக்கவில்லை. பெண்கள் வேலிக்கு மேலால் கையை நீட்டினார்கள். "மிஸ்ஸி, இதப் பாருங்க", "மிஸ்ஸி, என்ட வளையல் ஏறுது." எனக்கு 'வளையல் மிஸ்ஸி' என்று பெயர் விழுந்துவிட்டது. பிறகு பார்த்தால், வயிற்றில் பிள்ளை தங்கியதும் தாய்மார் மகளுக்கு ஒரு தளர்ந்த வளையல் வாங்கிப் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போன பிறகு வீட்டுப் பெண்கள் கூடி அதை முழங்கை மட்டும் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஏறாவிட்டால் எனக்கு ஆள் வரும். தலையிடியா, கண் மினுங்குதா என்று என்னைவிட நன்றாக அவர்களே கேட்டு வைத்திருப்பார்கள். எந்த அலுவலகமும் இதைச் செய்யச் சொல்லவில்லை. கதீஜா உம்மாதான் தெருத் தெருவாகச் சொன்னவர். குழியில் ஜின் இருக்கிறது என்று யாராவது தொடங்கினால் "ஜின் வளையல இறுக்குமா?" என்று கேட்பாராம். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் வலிப்பில் போகவில்லை. மருந்துப் பையோடு நான் போகாத நாளிலும் அந்தத் தெரு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறது. நம் வேலை முடிந்தது என்று சொல்ல முடிவது அப்படி ஓர் இடத்தில்தான்.

ஆகவே, நீ எங்கே வேலை செய்தாலும், பார்ப்பதை உனக்குள் பூட்டி வைத்துக்கொள்ளாதே. நோயாளிக்கும் அவள் தாய்க்கும் பார்க்கச் சொல்லிக் கொடு. அவர்கள் சொல்லில் சொல்லிக் கொடு. அவர்கள் உனக்கு உன் சொல்லைத் திருத்தித் தந்தால் வாங்கிக்கொள். சிங்களம் பேசுகிறவர்களும் உன் வார்டில் இருப்பார்கள், பாஷை தெரியாத இடத்தில் முகத்தையும் கையையும் பார். பாஷையைப் பிறகு படிக்கலாம், முதல் நாளே வலியைப் பார்க்கத் தெரிய வேண்டும். முக்காட்டைக் கழற்றச் சொன்னால் பணிவாகக் காரணம் கேள், பணிவாக உன் காரணத்தைச் சொல். தொழுகையை விடாதே. சாப்பாட்டை விடாதே. மற்றப் பிள்ளைகள் அழுதால் நீயும் அழலாம், யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி உன் பெட்டியின் அடியைப் பார். விடுதிக்குக் கொண்டுவரச் சொன்ன இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் ஒன்றைத்தான் நாம் கடையில் எடுத்தோம். மற்றது எங்கே என்று நீ கேட்டபோது "வரும்" என்றேன். நேற்றுப் பின்னேரம், நீ சின்னம்மா வீட்டுக்குச் சொல்லிவிட்டு வரப் போயிருந்தபோது, கதீஜா உம்மாவும் சுலைஹாவும் வந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிய அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. வந்ததும் என் மருந்துப் பையைத் திறக்கப் பார்த்துச் சுலைஹாவிடம் பேச்சு வாங்கியது. சுலைஹா விரிப்பைத் தன் மடியில் வைத்துத் தடவி, ஓர் இழை தூக்கியிருந்ததைக் கிள்ளி எடுத்து, பிறகுதான் என்னிடம் தந்தாள். அவளே அந்தத் தறியில் இருந்து நெய்தது.

"கொழும்புல நல்ல நல்ல சீலையெல்லாம் இரிக்கும் மிஸ்ஸி" என்றாள். "எண்டாலும் மகளுக்கு ஒண்டு சொல்லுங்க. முழுக்க நானே நெய்ஞ்சது. ஒரு இழை மினுங்கல்ல."